கிரிமினல் டிஃபென்ஸ்தான் என்று முடிவெடுத்தபின்: பாரிஸ்டரா, சொலிசிட்டரா?

இங்கிலாந்தில் சட்டம் படிக்கிற நம் பிள்ளைகளில் சிலருக்கு இரண்டாம் வருஷத்திலேயே கிரிமினல் டிஃபென்ஸ்மேல், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுகிற வேலைமேல், ஆசை வந்துவிடுகிறது. வீட்டில் சொன்னால் முகம் சுருங்கும். கன்வேயன்சிங் (வீடு வாங்கி விற்கிற பத்திர வேலை) பண்ணக்கூடாதா, இமிக்ரேஷன் பண்ணக்கூடாதா, ஈஸ்ட் ஹாமில் ஒரு போர்டு மாட்டினால் வாழ்க்கை ஓடிவிடுமே, திருடனோடும் கஞ்சா விற்கிறவனோடும் உனக்கென்ன வேலை என்பார்கள். அந்தச் சண்டையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நான் நடுவில் வரவில்லை. அதை ஜெயித்து வந்தவர்கள் அடுத்துக் கேட்கிற கேள்விக்குத்தான் இது: விக் வைத்த பாரிஸ்டராகப் போவதா, சொலிசிட்டராகப் போவதா, இல்லை மாதச் சம்பளத்துக்கு அரசாங்க வேலையில் சேர்ந்துவிடுவதா?

நான் கிழக்கு லண்டனில் சொலிசிட்டர் பக்கம் கிரிமினல் லீகல் எய்ட் (கட்சிக்காரருக்குப் பதில் அரசாங்கம் வக்கீல் கட்டணம் கொடுக்கிற ஏற்பாடு) வேலை பார்க்கிறவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே படியுங்கள். அப்புறம், இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தில் சட்டமும் வேறு, வக்கீல் அமைப்பும் வேறு.

சென்னையிலோ மதுரையிலோ ஒரே வக்கீல் கட்சிக்காரரைப் பார்ப்பார், ஜாமீன் மனு போடுவார், அவரே நின்று வாதாடுவார். இங்கே அந்த வேலை இரண்டு பேர் கையில் இருக்கிறது. கைதான ராத்திரி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது, குடும்பத்தோடு பேசுவது, லீகல் எய்ட் படிவம் போடுவது, சாட்சிகளைத் தேடிப் பிடிப்பது எல்லாம் சொலிசிட்டர். வழக்கு, பெரிய குற்றங்களை விசாரிக்கிற கிரவுன் கோர்ட்டுக்குப் போனால் ஜூரிக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் பாரிஸ்டர். 1990-ல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, தனித் தகுதி பெற்ற சொலிசிட்டரும் மேல் கோர்ட்டுகளில் வாதாடலாம், 2008-லிருந்து விக்கும் வைத்துக்கொள்ளலாம். அதனால் ‘சொலிசிட்டர் ஆனால் கோர்ட்டில் பேச முடியாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சின்னக் குற்றங்களை விசாரிக்கிற மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சொலிசிட்டர்தான் தினமும் நிற்கிறார், அதற்குத் தனித் தகுதிகூட வேண்டாம்.

முதலில் பாரிஸ்டர் வழி. இதில் செலவு முன்னால் நிற்கும், வருமானம் பின்னால் மெதுவாக வரும். டிகிரி சட்டத்தில் இல்லையென்றால் ஒரு கன்வர்ஷன் கோர்ஸ். அப்புறம் லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற நான்கு பாரிஸ்டர் சங்கங்களில் (‘இன்’ என்பார்கள்) ஒன்றில் உறுப்பினராக வேண்டும். (நம் வ.வே.சு. ஐயர் லிங்கன்ஸ் இன்னில் படித்தவர்தான். பாரிஸ்டர் பட்டம் வாங்காமலே 1910-ல் மாறுவேஷத்தில் லண்டனை விட்டுப் போனார்.) விருந்து சாப்பிட்டால்தான் பாரிஸ்டர் ஆகலாம் என்ற பழைய கதை பாதி உண்மை: இன்னில் குறிப்பிட்ட எண்ணிக்கை நிகழ்ச்சிகளுக்குப் போயாக வேண்டும், அதில் விருந்தும் உண்டு, பயிற்சி வகுப்பும் உண்டு. இதோடு பார் கோர்ஸ். இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ 13,000-லிருந்து 20,000 பவுண்ட் வரை கட்டணம், லண்டன் வாடகை தனி. நான்கு இன்களும் சேர்ந்து வருஷத்துக்குப் பல மில்லியன் பவுண்ட் ஸ்காலர்ஷிப் கொடுக்கின்றன என்பது நம் வீடுகளில் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. அதற்கு விண்ணப்பிக்காமல் கடன் வாங்கி இந்தக் கோர்ஸில் சேருவது அநியாயம்.

கோர்ஸ் முடிந்ததும் இன்னில் ஒரு விழா வைத்துப் பட்டம் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், வாட்ஸாப் குரூப்பில் பெரியப்பா ‘எங்கள் வீட்டு பாரிஸ்டர்’ என்று போடுவார். அந்த நாளில் நீங்கள் பாரிஸ்டர்தான், ஆனால் ஒரு வழக்கிலும் பாரிஸ்டராக நிற்க முடியாது. அதற்கு பியூபிலேஜ் வேண்டும், ஒரு சேம்பர்ஸில் (சுயதொழில் பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்துகிற அலுவலகம்) பன்னிரண்டு மாதப் பயிற்சி. எல்லாரும் விழுகிற இடம் இதுதான். இதற்கு விண்ணப்பிக்கிற பொது இணையவாசல் ஒவ்வொரு ஜனவரியும் திறக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் சில நூறு இடங்களுக்குப் போட்டி போடுகிறார்கள். கோர்ஸ் முடித்து ஐந்து வருஷத்துக்குள் கிடைக்க வேண்டும். கிடைக்காதவர்கள் பாராலீகலாக (வக்கீல் ஆபீஸ் உதவியாளராக) வேலை பார்த்துக்கொண்டு ஒவ்வொரு ஜனவரியும் மறுபடி படிவம் நிரப்புகிறார்கள். கெட்டிக்காரர்கள்தான், கையில் பட்டமும் கடனும் இருக்கிறவர்கள்.

கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆறு மாதம் சீனியர் பின்னால் நடப்பது, படிப்பது, எழுதிக் கொடுப்பது. இரண்டாம் ஆறு மாதத்தில் தனியாகக் கோர்ட்டில் இறக்கிவிடுவார்கள். சாயங்காலம் ஐந்து ஆறு மணிக்கு கிளார்க் கூப்பிடுவார். (நம்மூர் வக்கீல் குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். சேம்பர்ஸில் யாருக்கு எந்த வழக்கு என்று பிரித்துக் கொடுக்கிறவர் அவர்தான், அவரைப் பகைத்துக்கொண்டு யாரும் பிழைத்ததில்லை.) நாளைக் காலை லூட்டன், அடிதடி கேஸ், விசாரணை என்பார். ராத்திரி வழக்குக் காகிதங்களைப் படித்து, கேள்விகளை எழுதிவைத்து, விடிவதற்குள் ரயில் பிடித்துப் போனால், கட்சிக்காரர் வந்திருக்க மாட்டார், அல்லது வந்து ‘நான் குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன்’ என்பார், அல்லது சிசிடிவி பதிவை அரசுத் தரப்பு இன்னும் கொடுத்திருக்காது. இந்த ஓட்டத்துக்கு, சின்ன ஆஜர் என்றால் 50, 75 பவுண்ட், விசாரணை என்றால் கொஞ்சம் கூடுதல். ரயில் காசு உங்கள் பையிலிருந்து. அந்த 75 பவுண்ட் எப்போது வரும் என்பது அனுப்பிய சொலிசிட்டர் கம்பெனியைப் பொறுத்தது. நாங்கள் தாமதமாகத்தான் கொடுக்கிறோம், பெருமையாகச் சொல்லவில்லை.

பியூபிலேஜ் காலத்துக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்று விதித்திருக்கிறார்கள். 2025-ல் லண்டனில் 24,000 பவுண்டை ஒட்டி, வெளியே 22,000 சுமாருக்கு. சிக்கல் அது முடிந்தபிறகுதான். சேம்பர்ஸ் உங்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டால் அன்றிலிருந்து நீங்கள் சுயதொழில் செய்பவர்: உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை, பென்ஷன் இல்லை, சம்பாதிப்பதில் ஒரு பங்கு சேம்பர்ஸுக்கு, ஒரு பங்கு வரிக்கு. சேர்த்துக்கொள்ளாவிட்டால் வேறு இடத்தில் ‘மூன்றாவது ஆறு மாதம்’ தேட வேண்டும்.

பாரிஸ்டருக்கான கிரவுன் கோர்ட் லீகல் எய்ட் கட்டணம் பெரும்பாலும் வழக்கின் வகையையும் விசாரணை எத்தனை நாள் நடக்கிறது என்பதையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. நீங்கள் சனி, ஞாயிறு உட்கார்ந்து தயார் செய்த மணி நேரத்துக்குத் தனியாகப் பெரும்பாலும் எதுவும் கிடையாது. பணம் பொதுவாக வழக்கு முடிந்த பிறகு. கிரவுன் கோர்ட்டில் தேங்கிய வழக்குகள் கொரோனாவுக்கு முன் 40,000 அளவில் இருந்தவை, 2025-ல் 75,000-ஐத் தாண்டிவிட்டன. சில விசாரணைகளுக்கு 2028, 2029 என்று தேதி விழுகிறது. அந்த வழக்கின் பணமும் அப்போதுதான்.

2022-ல் கிரிமினல் பாரிஸ்டர்கள் கட்டண உயர்வு கேட்டுக் கோர்ட்டை விட்டு வெளியே வந்து நின்றது ஞாபகம் இருக்கலாம். ஜூனில் வெளிநடப்பு, செப்டம்பர் 5-லிருந்து காலவரையற்ற போராட்டம், அக்டோபரில் 15 சதவீத உயர்வுக்கு ஒத்துக்கொண்டு திரும்பினார்கள். விக்கும் கவுனுமாக லண்டனின் மத்திய கிரிமினல் கோர்ட்டான ஓல்ட் பெய்லி வாசலில் நின்றவர்களைப் பார்த்து, பணக்கார வக்கீல்களுக்கு என்ன குறை என்று நம் ஆட்களே கேட்டார்கள். அப்போது அவர்களுடைய சங்கமான கிரிமினல் பார் அசோசியேஷன் திரும்பத் திரும்பச் சொன்ன எண் 12,200 பவுண்ட். முதல் மூன்று வருஷத்தில் இருக்கிற ஒருவருக்குச் செலவு போகக் கிடைக்கிற இடைநிலை வருட வருமானம் அது. அதே டிகிரியோடு லண்டனின் வணிக மையமான சிட்டியில் பெரிய சட்டக் கம்பெனிக்குப் போன வகுப்புத் தோழர் தகுதி பெற்ற முதல் வருஷமே 100,000 பவுண்டுக்கு மேல் வாங்குவார். இதைத் தெரிந்தே போகிறவர்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள், ஆனால் தெரிந்திருப்பதால் வாடகை குறைவதில்லை.

அப்படியும் ஏன் போகிறார்கள்? ஜூரிதான் காரணம் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு சாதாரண ஆட்கள் உட்கார்ந்திருக்க, போலீஸ்காரரைக் குறுக்கு விசாரணை செய்து அவருடைய நோட்டுப் புத்தகத்தில் உள்ள நேரமும் கேமராவில் உள்ள நேரமும் ஒத்துப்போகவில்லை என்று காட்டுகிற அந்தக் கலை வேறு எங்கேயும் கிடைக்காது. இன்னொன்று, சுயேச்சைப் பாரிஸ்டர் திங்கட்கிழமை ஒருவரைக் காப்பாற்றிப் பேசிவிட்டு வியாழக்கிழமை வேறு வழக்கில் அரசுத் தரப்புக்கு நிற்கலாம். இரண்டு பக்கமும் தெரிந்தவர் பேச்சில் ஒரு நிதானம் இருக்கும், பார்த்தாலே தெரியும். ‘குற்றவாளி என்று தெரிந்தே எப்படி வாதாடுகிறீர்கள்’ என்ற கேள்வி கல்யாண வீட்டில் நிச்சயம் வரும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கட்சிக்காரர் தன்னிடமே ஒத்துக்கொண்டுவிட்டால், அவர் செய்யவில்லை என்று பாரிஸ்டர் கதை கட்ட முடியாது. அரசுத் தரப்பு சாட்சியத்தைச் சோதிக்கலாம், நிரூபிக்கவில்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். சொலிசிட்டருக்கும் அதேதான்.

சரி, எங்கள் பக்கம். 2021 செப்டம்பரிலிருந்து சொலிசிட்டர் ஆக எஸ்க்யூஇ என்ற இரண்டு கட்டத் தேர்வு, கூடவே இரண்டு வருஷ வேலை அனுபவம். தேர்வுக் கட்டணம் இரண்டும் சேர்ந்து 5,000 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு, தயாரிப்பு வகுப்புக்குத் தனி. முக்கியமான வித்தியாசம் அந்த இரண்டு வருஷம்: அதை நான்கு இடங்கள் வரை பிரித்து எடுக்கலாம், பாராலீகலாக வேலை செய்ததும் கணக்கில் வரும். அதாவது சம்பளம் வாங்கிக்கொண்டே தகுதிக்குப் போகலாம். சம்பளம் பெரிதில்லை, கிரிமினல் கம்பெனிகளில் பயிற்சிக் காலத்தில் 30,000-ஐ எட்டுவது அபூர்வம். ஆனால் மாதக் கடைசியில் வரும்.

அதற்கும் முன்பே ஒரு கதவு இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. சொலிசிட்டர் ஆகாமலே, தனிப் பரீட்சை எழுதி அங்கீகாரம் பெற்ற போலீஸ் ஸ்டேஷன் பிரதிநிதி ஆகலாம். படித்து முடித்த கையோடு பயிற்சிப் பிரதிநிதியாகச் சேர்ந்து, சில கேஸ்களை மேற்பார்வையில் செய்து, எழுத்துத் தேர்வும், நெருக்கடிச் சூழ்நிலைகளை ஒலிப்பதிவில் போட்டு ‘இப்போது என்ன சொல்வாய்’ என்று கேட்கிற தேர்வும் பாஸ் செய்ய வேண்டும். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும்.

அந்த ராத்திரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முழு வாதமும் அதில்தான் இருக்கிறது. போலீஸ் அதிகாரம் பற்றிய 1984 சட்டப்படி ஸ்டேஷனில் வைத்திருக்கிற யாருக்கும் சட்ட ஆலோசனை உரிமை உண்டு. வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் அது இலவசம். பொதுவாக 24 மணி நேரம்தான் வைத்திருக்க முடியும், பெரிய குற்றமென்றால் நீட்டிப்பார்கள். அந்த நேரத்துக்குள் போலீஸ் எவ்வளவு சொல்கிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்று பார்த்து, பதற்றத்திலோ போதையிலோ இருக்கிற ஒருவரிடம் பேசி, பதில் சொல்வதா, ‘நோ கமென்ட்’ என்பதா, எழுதிய அறிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதா என்று நீங்கள் சொல்ல வேண்டும். 1994 சட்டத்தின் 34-வது பிரிவு இதை இன்னும் கத்திமுனை ஆக்கிவிட்டது: போலீஸ் இன்டர்வியூவில் சொல்லியிருக்கக்கூடிய ஒன்றைக் கட்சிக்காரர் சொல்லாமல் பிறகு கோர்ட்டில் அதையே நம்பி நின்றால், ஜூரி அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று வருஷம் கழித்து எவ்வளவு பெரிய பாரிஸ்டர் வந்து நின்றாலும், அந்த அறையில் ஒலிப்பதிவான நாற்பது நிமிஷத்தை அவர் மாற்ற முடியாது. அதைச் சுற்றித்தான் வாதாட முடியும்.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனி அனுகூலம் உண்டு. ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், ஹாரோ, டூட்டிங் பக்கம் கைதாகிற ஒரு தமிழருக்கு, குறிப்பாக இங்கிலீஷ் தடுமாறுகிற ஒரு நடுவயதுக்காரருக்கு, மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு தமிழிலேயே பேசுகிற வக்கீல் கிடைத்தால் வழக்கே வேறு திசையில் போகும். போலீஸ் இன்டர்வியூவுக்கு அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும், அது சரி. ஆனால் அதற்கு முந்தைய தனிப் பேச்சுதான் முக்கியம். கிரவுன் கோர்ட்டில் ஜூரிக்கு முன்னால் நிற்கிற பாரிஸ்டருக்குத் தமிழ் இவ்வளவு தூரம் கைகொடுக்காது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஸ்டேஷன் வேலைக்கு நிலைக்கட்டணம், நீங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் பத்து மணி நேரம் உட்கார்ந்தாலும் பெரும்பாலும் அதே தொகை. தூக்கம் கெடும், கல்யாணம் காட்சி கெடும். ஆபீஸில் படிவ வேலை மலைபோல். 2018-ல் சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி எடுத்த கணக்கில் டியூட்டி சொலிசிட்டர்களின் (சொந்த வக்கீல் இல்லாதவருக்கு முறை வைத்து வருகிறவர்கள்) சராசரி வயது 47. இளைஞர்கள் வரவில்லை, இருக்கிறவர்களுக்கு வயதாகிறது. இதை மோசமான செய்தி என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருபத்தைந்து வயதில் வேலை தேடுகிறவருக்கு அது அப்படியொன்றும் மோசமான செய்தி இல்லை. பியூபிலேஜ் கதவில் ஆயிரக்கணக்கானவர்கள் முட்டுகிற அதே நேரத்தில் இந்தப் பக்கம் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அரசாங்க வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுத் தரப்பில் வழக்கு நடத்துகிற சிபிஎஸ் (கிரவுன் ப்ராசிக்யூஷன் சர்வீஸ்) 1986-ல் தொடங்கியது. பியூபிலேஜும் கொடுக்கிறது, சொலிசிட்டர் பயிற்சியும் கொடுக்கிறது. சம்பளம், பென்ஷன், பிரசவ விடுப்பு எல்லாம் ஒழுங்காக உண்டு. ஆனால் அது எதிர்த்தரப்பு. சில வருஷம் அங்கே இருந்துவிட்டு டிஃபென்ஸுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள், நல்ல வக்கீல்களும்கூட, போகிறவர்கள் எல்லாரும் திரும்புவதில்லை. சம்பளத்தோடு டிஃபென்ஸ் என்றால் 2001-ல் தொடங்கிய பப்ளிக் டிஃபெண்டர் சர்வீஸ் இருக்கிறது. செல்டனம், டார்லிங்டன், பாண்டிப்ரித், ஸ்வான்சி என்று நான்கே ஊர்களில் ஆபீஸ். அமெரிக்கா மாதிரி ஊருக்கு ஊர் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வக்கீலாக வந்து இதில் நுழைய நினைப்பவர்களுக்கு: எஸ்க்யூஇ உங்களுக்கும் திறந்திருக்கிறது, ஏற்கெனவே வக்கீல் என்றால் அந்த இரண்டு வருஷ அனுபவம் கேட்பதில்லை. தடை விசாதான். சேம்பர்ஸில் சுயதொழில் என்பதால் வழக்கமான வேலை விசா பொருந்தாது. பியூபிலேஜ் காலத்துக்கு மட்டும் பாரிஸ்டர்களின் பொது அமைப்பான பார் கவுன்சில் தற்காலிக விசாவுக்கு ஸ்பான்சர் செய்கிறது. சொலிசிட்டர் பக்கம் ஸ்பான்சர்ஷிப்புக்குக் கேட்கிற குறைந்தபட்சச் சம்பளத்தைச் சின்ன லீகல் எய்ட் கம்பெனிகளால் கொடுக்க முடிவதில்லை. ஆகவே விசா கையில் இல்லாதவருக்கு இரண்டு வழியும் கஷ்டம், அதைச் சொல்லாமல் கட்டணம் வாங்குகிற ஏஜென்ட் இருந்தால் ஓடிவிடுங்கள்.

இப்போது முடிவெடுக்கிறவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2025 ஜூலையில் ஓய்வுபெற்ற நீதிபதி சர் பிரையன் லெவிசனின் அறிக்கை, நடுத்தர வழக்குகள் பலவற்றை ஜூரியிடமிருந்து எடுத்து ஒரு நீதிபதியும் இரண்டு மாஜிஸ்திரேட்டுகளும் விசாரிக்கலாம் என்றது. டிசம்பரில் நீதித்துறை அமைச்சர் டேவிட் லாமி அதையும் தாண்டி, மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை வரக்கூடிய வழக்குகளை நீதிபதி மட்டும் விசாரிக்கும் திட்டத்தை அறிவித்தார். ஜூனியர் பாரிஸ்டர்கள் ஜூரி முன் பேசிப் பழகுவது இந்த நடுத்தர வழக்குகளில்தான், கொலை வழக்கை யாரும் முதல் வருஷத்தில் கையில் கொடுப்பதில்லை. திட்டம் அப்படியே நடந்தால் அந்தப் பயிற்சிக் களம் சுருங்கும். போலீஸ் ஸ்டேஷன் வேலை இதனால் குறையப்போவதில்லை, கைது நடக்கும்வரை அது இருக்கும்.

இனி என் தீர்ப்பு. இன் ஸ்காலர்ஷிப் கையில் வந்துவிட்டது, லண்டனில் பெற்றோர் வீட்டிலேயே மூன்று நான்கு வருஷம் இருக்கலாம், பேசுவதில்தான் உயிர் என்றால் பாரிஸ்டர் வழிக்கே போங்கள், யோசிக்காதீர்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் சொலிசிட்டர் பக்கம் தொடங்கச் சொல்வேன், அதுவும் ஸ்டேஷன் பிரதிநிதியாகத் தொடங்கச் சொல்வேன். கட்சிக்காரரைப் பிடிக்குமா, ராத்திரியைத் தாங்குமா என்று ஒரு வருஷத்தில் தெரிந்துவிடும், அதுவும் கடனில்லாமல். பிறகு கோர்ட் இழுத்தால் மேல் கோர்ட் தகுதி வாங்கலாம், அனுபவமுள்ள சொலிசிட்டர் பாரிஸ்டராக மாறும்போது பயிற்சியில் விலக்கும் கேட்கலாம். பாரிஸ்டர் வழியில் பாதியில் நின்றுபோனவருக்குத் திரும்பி வருவது இதைவிட அதிகச் செலவு. கோர்ட்டில் நிற்க ஆசை, ஆனால் அழுக்குச் சட்டைக் கட்சிக்காரரோடு அரை மணி நேரம் உட்காரப் பிடிக்காது என்பவர் இரண்டுக்கும் வர வேண்டாம். பாரிஸ்டரும் விசாரணை நாள் காலையில் கோர்ட்டின் கீழ்த்தளச் சிறையறைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

எந்தப் பக்கம் என்றாலும் முதலில் இலவசமாகப் பார்த்துவிடுங்கள். ஸ்னேர்ஸ்புரூக் கிரவுன் கோர்ட்டில் இருபது கோர்ட் அறைகள், பொதுமக்கள் இருக்கையில் யாரும் போய் உட்காரலாம். ஒரு விசாரணை முழுவதும், மறுநாள் பக்கத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு காலைப்பொழுது. சேம்பர்ஸ்கள் கொடுக்கிற ‘மினி பியூபிலேஜ்’ சில நாட்கள்தான், கிரிமினல் சேம்பர்ஸில் கேட்டால் கிடைக்கும். இன் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், கோர்ஸ் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் நவம்பர் முதல் வாரத்திலேயே மூடிவிடும். தீபாவளி சமயத்தில் வருவதால் நம் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள், அக்டோபரிலேயே போட்டுவிடுங்கள்.